இ.என்.டி. ஷர்லி

கீரனூரில் ஷர்லியின் வீட்டுக்கு நோயாளிகள் வர ஆரம்பித்தது அவள் ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதிலேயே. அவள் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஊசி போடத் தெரியும், ஆனால் சுண்டெலிக்கு மட்டும். இதையெல்லாம் வந்தவர்களிடம் எடுத்துச் சொல்லவும் செய்தாள். அவர்கள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

குற்றம் அவளுடையது அல்ல, பெயருடையது. உடம்பில் அடினோசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதைச் செல்லின் சுவரைத் தாண்டிக் கடத்தும் புரதம் ஒன்று இருக்கிறது. முதுகுத்தண்டிலும், வலியையும் தொடுகையையும் அதற்குக் கொண்டுவந்து சேர்க்கும் நரம்புச் செல்களிலும் அந்தப் புரதம் எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட ஆராய்ச்சி. அந்தப் புரதத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த சுருக்கப் பெயர் இ.என்.டி. ஒன்று. வைத்தவர்கள் கீரனூரோடு கலந்தாலோசிக்கவில்லை.

ஷர்லியின் அப்பா செபமாலை, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் திருச்சிக்குத் தினமும் பஸ் ஏறிப் போய் என்னதான் படிக்கிறாள் என்று டீக்கடையில் யாரோ கேட்டபோது, தனக்கு நினைவிருந்த சொற்களை மட்டும் எடுத்துச் சொன்னார்: பி.எச்டி., இ.என்.டி., வலி. மூன்றும் உண்மைதான். மறுநாள் காலை, காதில் பஞ்சு வைத்த பெரியவர் ஒருவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் தொண்டைக் கட்டோடு ஒரு அம்மாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் வந்ததும், முதல் இருவரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், இ.என்.டி.யிடம் இடுப்போடு வருவதற்கு ஒரு நியாயம் வேண்டாமா என்பதுபோல.

ஷர்லியின் தாய்மாமா சூசைராஜ் மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து கீரனூரில் பிளக்ஸ் பேனர் கடை வைத்திருந்தார். மருமகளுக்கு ஒரு நல்லது செய்து பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பையன் கத்தாரில் இருந்தான். அவனுக்குப் பதிலாக அவன் அம்மா பெண் பார்க்க வந்தார். மிக்சரும் காப்பியும் முடிந்த பிறகு, பொண்ணு என்ன வேலை பாக்குது, எங்களுக்கும் கொஞ்சம் வெளங்குற மாதிரி சொல்லட்டும் என்றார். இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. ஷர்லி ஏமாந்துபோய் உண்மையாகவே விளக்க ஆரம்பித்தாள்.

"அடினோசின் செல்லுக்கு வெளிய இருக்குற வரைக்கும் வலிச் செய்திய அடக்கி வைக்குங்க. இந்தப் புரதம் அத உள்ள தூக்கிட்டுப் போயிரும். போனா அடக்க ஆளில்ல. புரதத்த நிறுத்தி வச்சா, அடினோசின் வெளியவே நின்னு வலியக் கொறைக்கும்னு ஒரு எதிர்பார்ப்பு."

"அப்ப என் முட்டிக்கு எப்ப நிறுத்துவ?" என்றார் அந்த அம்மாள்.

"எலிக்கே இன்னும் சரியா நிறுத்தலைங்க."

பெண்ணுக்குப் பெரியவர்கள் மேல் இரக்கம் கம்மி என்று மணப்பாறையிலிருந்து பதில் வந்தது. சூசைராஜ் வருத்தப்பட்டார். நிறுத்திரலாம்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிருவே என்று கேட்டார். ஷர்லிக்கு அந்த வார்த்தையின் அருமை அப்போது தெரியவில்லை. அதை இன்னும் சரளமாகச் சொல்லத் தெரிந்த ஒருவரிடம்தான் தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறோம் என்பதும் உறைக்கவில்லை.

அவர் பேராசிரியர் உதயசூரியன். ஷர்லியின் வழிகாட்டி. மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்பது அவருக்கே மறந்திருந்தது. ஆனால் குத்துவிளக்கு ஏற்றுவதில் அந்த ஆராய்ச்சி நிறுவனத்திலேயே அவருக்கு நிகராக ஒருவர் இல்லை. கருத்தரங்கு, துவக்க விழா, நிறைவு விழா, அறிவியல் தினம் என்று எதற்கும் இல்லை என்று சொல்ல மாட்டார். எந்த மேடையிலும், இன்னும் சில ஆண்டுகளில் வலியில்லாத உலகம் திருச்சியிலிருந்து புறப்படும் என்று ஒரு வாக்கியம் சொல்வார். புறப்படும் தேதி மட்டும் ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். ஆய்வகத்தில் நல்ல முடிவு வந்தால் அது 'நம்ம லேப்'. வராவிட்டால் 'ஒன்னோட எக்ஸ்பெரிமென்ட்'.

ஷர்லியின் வேலை மேடையில்லாத வேலை. சுண்டெலியின் முதுகுத்தண்டையும், அதற்கு இரு பக்கமும் தொங்கும் கடுகளவு நரம்பு முடிச்சுகளையும் எடுத்து உறைய வைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்ட வேண்டும். பிறகு ஆன்டிபாடி. அது ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பி வாங்கப்படும் திரவம். அதன்மேல் பச்சையாக ஒளிரும் சாயத்தை ஏற்றிவிட்டால், புரதம் இருக்கிற இடமெல்லாம் பச்சை. இது அந்தப் புரதத்தைத்தான் பிடிக்கும் என்று புட்டியின் மேல் கம்பெனிக்காரன் எழுதியிருந்தான். எழுதியிருப்பதை நம்புவது என்பது அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் பொதுவான மதம்.

பச்சை வந்தது. வரவேண்டிய இடத்தில் வந்தது. வலிச் செய்தி முதலில் வந்து இறங்கும் முதுகுத்தண்டின் பின்பக்க விளிம்பில் ஒரு பட்டை. நரம்பு முடிச்சுகளில் வலியைச் சுமக்கும் சிறிய செல்களில் மட்டும் புள்ளி புள்ளியாக. தொடுகையைச் சுமக்கும் பெரிய செல்கள் இருட்டாகக் கிடந்தன. வலியைக் கொண்டுவரும் செல்லிலேயே, வலியை அடக்குவதைத் தூக்கிக்கொண்டு போகும் புரதம். நினைத்தது நினைத்தபடி. இவ்வளவு ஒழுங்காக எது நடந்தாலும் சந்தேகப்பட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே கடைசி பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறாள்.

கட்டுரை வெளிவந்தது. படம் நிறுவனத்தின் காலண்டரில் ஏறியது. சூசைராஜ் அதில் ஒன்றை வாங்கி வந்து கடையில் வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அது நம்ம ஷர்லியோட நரம்பு என்று வருகிறவர்களிடம் சொன்னார். புள்ளைக்கு நரம்பு இப்படிப் பச்சையா இருக்கே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா என்று ஒருவர் கவலையாக விசாரித்துவிட்டுப் போனார்.

இப்படிப் பெருமையாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் செபமாலைக்கு அக்கி வந்தது.

இடது விலாவில், முதுகிலிருந்து மார்பு வரை ஒரு பெல்ட் மாதிரி எரிச்சல். பிறகு கொப்புளம். ஷர்லி ஒரு கருத்தரங்குக்காகச் சென்னை போயிருந்தாள். வலியைப் பற்றிய கருத்தரங்கு. வீட்டில் அம்மா சகாயமேரி தம்பியைக் கூப்பிட்டார். சூசைராஜ் மச்சானைத் தன் காரில் ஏற்றி, இலுப்பூர் ரோட்டில் ஒரு கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், அக்கி எழுதுகிறவரிடம் உட்கார வைத்தார். அவர் காவியைக் குழைத்து, கோழி இறகால் தொட்டு, விலாவில் ஒரு சிங்கம் எழுதினார். சிங்கம் நன்றாகவே வந்திருந்தது. அடுத்த தடவை போனபோது அதற்குத் துணையாக இன்னொன்றும் வந்தது. ஷர்லி ஊர் திரும்பி, சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவரைப் புதுக்கோட்டைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். முதலிலேயே வந்திருந்தால் மாத்திரை நன்றாகக் கேட்டிருக்கும் என்றார் டாக்டர்.

கொப்புளம் ஆறியது. வலி ஆறவில்லை. சட்டை உரசினால் உயிர் போனது. ஃபேன் காற்று பட்டாலே செபமாலை பல்லைக் கடித்தார். சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமிதான் இத்தனை வருடம் உள்ளே தூங்கிக் கிடந்து எழுந்திருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். எங்கே தூங்கியது என்பதை ஷர்லிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் தொங்கும் அதே நரம்பு முடிச்சில். அவள் வருடக்கணக்காகச் சீவிச் சீவிப் பார்த்துக்கொண்டிருந்த, காலண்டரில் அச்சான, அதே செல்களில். மாமா கொண்டுபோய்ச் சிங்கம் எழுதி வைத்தார். அவள் கொண்டுபோய்ப் பச்சை அடித்து வைத்தாள். அப்பாவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பலன் ஒன்றுதான்.

வாழ்நாளெல்லாம் கம்பத்தில் ஏறியவர் ஆகையால் செபமாலை இதைத் தன் வழியில் புரிந்துகொண்டார். நியூட்ரல் போயிருச்சு, அதான் தொட்டா அடிக்குது என்றார். டாக்டர் கொடுத்த நரம்பு மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பாதி நாள் தூங்கினார். மீதி நாள் மேல்சட்டை இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்து, வந்துபோகிறவர்கள் மேல் எரிந்து விழுந்தார். ஒருநாள் மகளிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"நீ பாக்குற எடம்தான் எனக்குக் கெட்டுருக்குன்னு சொல்ற. ஒன் மருந்து எப்பத்தா வரும்?"

"மருந்தா வர இருவது வருசம் ஆகலாம்ப்பா. வராமயும் போகலாம்."

"ஒங்க சார் டிவில அடுத்த வருசம்னு சொன்னாரே" என்றார்.

அந்தச் சமயத்தில்தான், பத்திரிகைக்கு அனுப்பியிருந்த இரண்டாவது கட்டுரையை அச்சேறும் முன் படித்துப் பார்த்த வெளிநாட்டு நிபுணர் ஒருவர், பெயர் தெரியாத புண்ணியவான், ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதியிருந்தார். இந்தப் புரதமே இல்லாமல் பிறக்கவைக்கப்பட்ட சுண்டெலிகள் இருக்கின்றனவே, அவற்றில் உங்கள் ஆன்டிபாடி என்ன காட்டுகிறது? உதயசூரியன் அதைப் படித்துவிட்டுப் பொறாமை என்றார். வேறு பத்திரிகைக்கு அனுப்பிவிடலாம், அங்கே இப்படிக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றார். பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு ஒரு துவக்க விழாவுக்குப் போனார்.

முன்பு என்றால் ஷர்லியும் வேறு பத்திரிகைக்கு அனுப்பியிருப்பாள். இப்போது வீட்டில் மேல்சட்டை இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய விலாவுக்குப் பின்னால் இருக்கும் முடிச்சில் அந்தப் புரதம் உண்மையிலேயே இருக்கிறதா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த எலிகளை வளர்க்கும் வெளிநாட்டு ஆய்வகத்துக்கு எழுதினாள். அவர்கள் தாராளமாக, சீவி ஒட்டிய கண்ணாடித் துண்டுகளையே உலர்பனிக்கட்டியில் வைத்து அனுப்பினார்கள். பெட்டி சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. உள்ளே இருப்பது எலியா, எலி இல்லையா என்று அங்கே ஒரு தத்துவ விசாரம் நடந்து முடிவதற்குள், பனிக்கட்டி முக்கால்வாசி ஆவியாகிவிட்டது. கண்ணாடிகள் பிழைத்துக்கொண்டன.

ஆய்வகத்தில் அவளுக்கு அடுத்து இருந்தவள் இனியா. திருச்சிக்காரி, வாயாடி. இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தத் துண்டுகளுக்கு அதே ஆன்டிபாடியை, அதே அளவில், அதே வரிசையில் போட்டார்கள். இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் இனியாதான் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து, நாற்காலியை ஷர்லியிடம் தள்ளினாள். அவள் வாயை மூடி ஷர்லி பார்த்தது அதுதான் முதல் தடவை.

பச்சை. முதுகுத்தண்டின் விளிம்பில் அதே பட்டை. சிறிய செல்களில் அதே புள்ளிகள். புரதமே இல்லாத எலியில், காலண்டரில் போடலாம் என்கிற அளவுக்கு அழகான பச்சை.

துண்டுகள் மாறிப்போயிருக்குமோ என்று கண்ணாடியின் ஓரத்தில் எழுதியிருந்த அடையாள எழுத்துகளைச் சரிபார்த்தார்கள். புதிதாகக் கலந்து மறுபடி செய்தார்கள். மறுபடியும் பச்சை. ஆன்டிபாடி எதையோ பிடித்துக்கொண்டிருந்தது, மிகுந்த விசுவாசத்தோடு. ஆனால் அது பிடித்துக்கொண்டிருந்தது இ.என்.டி. ஒன்றை அல்ல. எதை என்பது கம்பெனிக்காரனுக்கும் தெரியாது, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

உதயசூரியன் அறையில் ஷர்லி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தானேம்மா வந்திருக்கு ரெண்டும்."

"ரெண்டாவதுல வரக்கூடாது சார். அந்த எலிக்குப் புரதமே கெடையாது."

"கெடையாதுன்னு யார் சொன்னா?"

"அந்த எலிய உருவாக்குனவங்க, சார்."

"அப்ப அந்த எலி மேல சந்தேகப்படு" என்றார் உதயசூரியன். "நம்ம ஆன்டிபாடி மேல ஏன் படுற?"

இதற்கு மேல் அவர் சொன்னதெல்லாம் அன்பான சொற்கள். தீசிஸ் கொடுக்கும் நேரம் இது, வயது போய்க்கொண்டிருக்கிறது, கீரனூரிலிருந்து ஒரு பெண் இவ்வளவு தூரம் வந்ததே பெரிது, அப்பாவுக்கு வேறு உடம்பு சரியில்லை. ஒரு கண்ணாடித் துண்டுக்காக யாராவது வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்வார்களா? அதை ஃப்ரீசரில் பத்திரமாக வைத்துவிட்டு, பிறகு, ஓய்வாக, வேறு யாராவது பார்க்கட்டும். அவர் குரலில் அவ்வளவு பரிவு இருந்ததால், தன்னைப் பயமுறுத்துகிறார் என்று புரிந்துகொள்ள ஷர்லிக்குப் படி இறங்கி வரவேண்டியிருந்தது.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். அழுகை வரவில்லை; வந்தது வெட்கம். கருத்தரங்கில் கைதட்டியவர்கள், அங்கே ஆராய்ச்சியை விளக்கி அவள் ஒட்டிய போஸ்டருக்குப் பரிசு கொடுத்தவர்கள், தன் கட்டுரையை நம்பி மேற்கொண்டு எழுதியிருந்த முகம் தெரியாத இரண்டு பேர், எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள். வீட்டில் அப்பா வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை, சொல்லிவிட்டாள்.

செபமாலை கேட்டுக்கொண்டார். "அப்ப அந்தச் சாமான் என் முடிச்சுல இருக்கா, இல்லையா?"

"தெரியலப்பா."

"இவ்வளவு நாளு பாத்தும்?"

"பாத்தது வேற எதையோ."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு விலாவில் பிடிக்க, வலியில் முகம் கோணி, கோணிய முகத்தோடு மறுபடியும் சிரித்தார். அக்கி வந்ததிலிருந்து அவர் சிரித்து ஷர்லி பார்த்ததில்லை. ஆறுதலும் சொல்லவில்லை, புத்தியும் சொல்லவில்லை. சாப்ட்டுட்டுப் படு என்றார். தன் ஆராய்ச்சியால் ஒரு நோயாளிக்குக் கிடைத்த முதல் பலன் இதுதான் என்று ஷர்லி சோற்றைப் பிசைந்துகொண்டே நினைத்தாள்.

அவள் தீசிஸ் கொடுக்கவில்லை. வேறு வழியில் தேட ஆரம்பித்தாள். புரதத்தைப் பிடிக்கப் போவதற்குப் பதிலாக, அந்தப் புரதத்தைச் செய் என்று செல்லுக்குள் போகும் ஆர்.என்.ஏ. செய்தியைத் தேடும் முறை ஒன்று இருந்தது. புரதம் இல்லாத எலியில் அதைச் சோதித்தபோது கண்ணாடி சுத்தமாக இருட்டாக இருந்தது. அந்த இருட்டைப் பார்த்து அவளும் இனியாவும் கைகுலுக்கிக்கொண்டார்கள். சாதாரண எலியில் செய்தி கிடைத்தது. முதுகுத்தண்டிலும் இருந்தது, நரம்பு முடிச்சிலும் இருந்தது. ஆனால் சிறிய செல்களில் மட்டும் அல்ல. பெரிய செல்களில், இடையிலிருந்த துணைச் செல்களில், ரத்தக்குழாய் ஓரத்தில் என்று அங்கிட்டும் இங்கிட்டுமாகச் சிதறிக் கிடந்தது. ஒழுங்கான கதை ஒன்றும் அதில் இல்லை. காலண்டருக்கு ஆகாது. வலியை மட்டும் தேர்ந்தெடுத்து அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கைக்கும் அது அவ்வளவு நல்ல செய்தி அல்ல.

வருடாந்தர ஆய்வுக்குழுக் கூட்டம் வந்தது. குழுவில் வெளியிலிருந்து வந்த உறுப்பினர் டாக்டர் சுகுணா, மதுரைக்காரர், அதிகம் பேசாதவர். ஷர்லி முதலில் பழைய பச்சையைத் திரையில் போட்டாள். உதயசூரியன் தலையாட்டினார். அடுத்ததாக, புரதமில்லாத எலியின் பச்சையைப் போட்டாள். அதைத் தான் காட்டப்போவதாக அவள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

சுகுணா படத்தைப் பார்த்தார், பிறகு உதயசூரியனைப் பார்த்தார். "இது ஒங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டார்.

உதயசூரியன் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மேடைக்குப் பழகியவர் ஆகையால், எழுந்து நிற்பதற்கும் வாய் திறப்பதற்கும் நடுவிலேயே அவர் வேறு மனிதராகிவிட்டார்.

"இதத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்து எல்லா ஸ்டூடண்ட்ஸ்கிட்டயும் சொல்லிட்டே வாரேன்" என்றார். "ஆன்டிபாடிய நம்பாதீங்க."

ஷர்லி நினைத்தால் மறுக்கலாம். மறுத்திருந்தால் கூட்டம் அவளையும் அவரையும் பற்றியதாகிவிடும்; திரையில் இருந்த எலியைப் பற்றியதாக இருக்காது. அவர் மேற்கொண்டு பேசிக்கொண்டே போனார்: மாணவி தயங்கியபோதும் தானே இந்தச் சோதனையை வற்புறுத்தியதாகவும், அறிவியலில் கசப்பான உண்மையே இனிப்பானது என்றும். இனியா பின் வரிசையிலிருந்து இருமினாள். சுகுணா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஷர்லியைப் பார்த்து, முதல் கட்டுரையைத் திரும்பப் பெற எழுதிவிடுங்கள், சார்தான் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறாரே என்றார். உதயசூரியன் தலையாட்டும்படி ஆயிற்று.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஷர்லியின் பட்டம் தள்ளிப்போனது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் டாக்டர்களாகிவிட்ட பிறகு, உதவித்தொகையும் நின்றுபோய், வீட்டில் ட்யூஷன் எடுத்துக்கொண்டு, சிதறிக் கிடந்த அந்த உண்மையைப் பக்கம் பக்கமாக எழுதி முடித்தாள். உதயசூரியனுக்கு அப்படித் தாமதம் ஒன்றும் நேரவில்லை. ஆராய்ச்சியில் நேர்மை என்ற தலைப்பில் அவர் ஒரு சொற்பொழிவு தயாரித்தார். இரண்டு பச்சைப் படங்களும் அதில் உண்டு. கல்லூரி கல்லூரியாக அழைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றிவிட்டு, தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறைத் தானே கண்டுபிடித்துத் தானே வெளியிட்ட கதையைச் சொன்னார். ஒரு விருதும் வந்தது. அந்த விழாவுக்கு ஷர்லிக்கும் அழைப்பு இருந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார்கள். எல்லோரோடும் சேர்ந்து அவளும் கைதட்டினாள். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அதில் இருந்ததெல்லாம் சரியாகவும் இருந்தது, ஆளைத் தவிர.

அவளுக்குப் பட்டம் கிடைத்த அன்று சூசைராஜ் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ் வைத்தார். கம்ப்யூட்டரில் தேடி எடுத்த ஒரு ஸ்டெதாஸ்கோப்பை அவள் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார். 'வலியை வென்ற மங்கை' என்று இருந்தது. அதைக் கழற்றச் சொல்லி ஷர்லி கடைக்கே போனாள். மாமா எதைக் கழற்றச் சொல்கிறாள் என்று புரியாமல், ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவிட்டுக் கையில் ஒரு ஊசியை வைத்துப் புதிதாக அச்சடித்தார்.

செபமாலையின் வலி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் குறைந்தது. மாத்திரையாலா, விலாவில் ஒட்டிக்கொண்ட மருந்துப் பட்டையாலா, சும்மா நாள் போனதாலா என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. சிங்கத்தால் என்று சூசைராஜுக்கு நிச்சயமாகத் தெரியும். முழுக்கப் போகவில்லை. மழை வரும்போது இன்னும் பிடிக்கும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையின் பொத்தானையெல்லாம் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். போகிற வழியில் யாரோ மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எம் மக ஒண்ணும் கண்டுபுடிக்கல, இருந்தது தப்புன்னு கண்டுபுடிச்சிருக்கு என்று சொன்னாராம். கேட்டவர், பரவால்ல, அடுத்த தடவ நல்லாப் படிக்கச் சொல்லுங்க என்று தேற்றிவிட்டுப் போனாராம்.

இப்போது ஷர்லி புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறாள். எதிர்த்திசையில் பஸ் ஏறுவதால் உட்கார இடம் கிடைக்கிறது. அவள் படித்தது நரம்பு என்பதால் கல்லூரி அவளுக்கு மண்புழு கொடுத்திருக்கிறது. ஆய்வகத்தின் சாவியும் அவளிடம்தான். வேறு யாரும் கேட்கவில்லை. உள்ளே பெட்டி பிரிக்காத மைக்ராஸ்கோப்புகள் இருந்தன. ஆய்வுக்கு அதிகாரிகள் வரும்போது காட்டுவதற்கு வைத்தவை; பிரித்தால் பழசாகிவிடும் என்று முதல்வர் சொல்லியிருந்தார்.

போன ஜூலையில் ஒரு பிற்பகல், வகுப்பில் மண்புழு சீக்கிரம் முடிந்துவிட்டது. கண்ணாடியில் பச்சை தெரிந்தால் அதை ஏன் உடனே நம்பக்கூடாது என்று ஒரு விஷயம் சொல்லப்போகிறேன் என்றாள். எல்லோரும் பேனாவை எடுத்தார்கள். முதல் பெஞ்சில் இருந்த பெண் கையைத் தூக்கினாள்.

"இது எக்ஸாமுக்கு வருமா மேம்?"

"வராது."

பேனாக்கள் எல்லாம் நிம்மதியாக மூடிக்கொண்டன. ஷர்லி சாவியை எடுத்துக்கொண்டு, அப்ப எல்லாரும் லேப்புக்கு வாங்க என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அங்கே போய் முதல் பெட்டியின் ஒட்டுநாடாவைக் கிழித்தாள்.